மரத்தடிப் பள்ளி – 9: நேட்டாலிலிருந்து வந்த பிள்ளைகள்

சென்ற பகுதியில் ஜப்பானியர் இருவரைச் சந்தித்தோம். 1902இல் சமஸ்கிருதம் படிக்க வந்த ஹோரி ஒருவர். 1905இல் ஜூடோ சொல்லிக்கொடுக்க வந்த சானோ மற்றவர். இருவரும் தனி ஆட்களாக வந்தார்கள், பிள்ளைகளோடு பழகினார்கள், போய்விட்டார்கள். அவர்களுக்காகத் தாகூரின் சாந்திநிகேதன் பள்ளியில் யாரும் எழுந்திருக்கும் நேரத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சமையற்கட்டு எப்போதும்போல நடந்தது.

1914 நவம்பரில் வந்து சேர்ந்த கூட்டம் அந்த ரகம் இல்லை. சுமார் இருபது பேர். கைக்குழந்தைப் பருவத்தைச் சற்றே தாண்டியவர்களிலிருந்து மீசை அரும்பியவர்கள் வரை எல்லா வயதும் இருந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மாகாணத்தில், ஃபீனிக்ஸ் என்ற குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைகள். பலருக்கு இந்தியா என்பதே பெரியவர்கள் சொல்லக் கேட்ட ஊர்தான். அவர்களில் ஐந்து பேர் தமிழ்ப் பையன்கள்.

இவர்கள் ஏன் வங்காளத்துச் செம்மண் காட்டுக்கு வந்தார்கள் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

டர்பனிலிருந்து 14 மைல் தொலைவில் 100 ஏக்கர் நிலம் வாங்கிக் காந்தி ஃபீனிக்ஸ் குடியிருப்பை 1904இல் தொடங்கினார். 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையின் அச்சுக்கூடம் அங்கே போனது. அச்சுக் கோத்தவர்கள், அச்சடித்தவர்கள், எழுதியவர்கள் எல்லோரும் மண்ணையும் கொத்த வேண்டும் என்பது ஏற்பாடு. 1910இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைலில் இன்னொன்று, டால்ஸ்டாய் பண்ணை. 1,100 ஏக்கர். காந்தியின் ஜெர்மானிய நண்பர் ஹெர்மன் காலன்பாக் கொடுத்த இடம். சிறை சென்ற சத்தியாகிரகிகளின் குடும்பங்கள் அங்கே தங்கின. அந்தக் குடும்பங்களில் தமிழர் நிறையப் பேர். போராட்டத்தில் முன்வரிசையில் நின்றவர்களும் அவர்களே என்பது தில்லையாடி வள்ளியம்மையின் கதையை அறிந்தவர்களுக்குத் தெரிந்ததுதான்.

பண்ணையில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியாக வேண்டும். தமிழ் வாத்தியார் யார்? காந்தியேதான். கப்பல் பயணத்திலும் சிறையிலும் படித்த தமிழ், ஜி.யு. போப் எழுதிய கைநூலைத் தாண்டிப் போகாத தமிழ். இதை அவரே தன் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மாணவர்களோ தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்கள். வீட்டில் பேச்சு உண்டு, எழுத்து அறவே தெரியாது. ஆகவே அகர வரிசையும் கொஞ்சம் இலக்கணமும் சொல்லிக்கொடுத்தால் போதுமானதாக இருந்தது. வாத்தியாரைவிடப் பையன்கள் நன்றாகப் பேசினார்கள். பையன்களைவிட வாத்தியாருக்கு எழுத்து தெரிந்திருந்தது. இப்படியும் ஒரு தமிழ் வகுப்பு நடந்திருக்கிறது.

பாடத்தைவிட அங்கே கண்டிப்பாக இருந்தது வேலை. சமையலிலிருந்து கழிவறை வரை கூலிக்கு ஆள் கிடையாது. ஆசிரியர் செய்யாத எதையும் மாணவனைச் செய்யச் சொல்லக் கூடாது என்பது விதி. குழி வெட்டுவது, மரம் வெட்டுவது, சுமை தூக்குவது எல்லாம் பிள்ளைகளின் அன்றாடம். 1913 போராட்டத்தில் ஃபீனிக்ஸிலிருந்து புறப்பட்டுச் சிறைக்குப் போன முதல் குழுவில் காந்தியின் மூன்றாவது மகன் ராமதாஸும் இருந்தார். அப்போது அவருக்கு வயது 16.

1914 ஜூலையில் காந்தி தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்பினார். கஸ்தூர்பா, காலன்பாக் இருவருடனும் முதலில் லண்டன். கப்பல் கரை சேரும்போது உலகப் போர் மூண்டுவிட்டது. காலன்பாக் ஜெர்மன் குடிமகன் என்பதால் அவரை இந்தியாவுக்கு வர விடவில்லை. காந்தியும் லண்டனில் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டார். ஃபீனிக்ஸ் பிள்ளைகளோ அவருடைய உறவினர் மகன்லால் காந்தியின் பொறுப்பில் நேரே இந்தியா வந்துவிட்டார்கள். வந்த இடத்தில் வீடு இல்லை, ஆசிரமம் இல்லை, தலைவர் கடலுக்கு அப்பால். முதலில் ஹரித்துவாருக்கு அருகே காங்கடி குருகுலத்தில் முன்ஷிராம் அவர்களை வைத்துக்கொண்டார். பின்னாளில் சுவாமி சிரத்தானந்தர் என்று பெயர் பெற்றவர் இவர். அங்கிருந்து சாந்திநிகேதன்.

இந்த முடிச்சைப் போட்டவர்கள் இரண்டு ஆங்கிலேயர்கள்: சி.எஃப். ஆண்ட்ரூஸ், டபிள்யூ.டபிள்யூ. பியர்சன். காந்தி குருவாக மதித்த கோகலே கேட்டுக்கொண்டதன்பேரில் 1914 ஜனவரி 2ஆம் தேதி இருவரும் டர்பனில் போய் இறங்கினார்கள். துறைமுகத்தில் ஆண்ட்ரூஸ் குனிந்து காந்தியின் காலைத் தொட்டதும், ஒரு வெள்ளைக்காரர் இப்படிச் செய்யலாமா என்று அங்கிருந்த வெள்ளையர் கொதித்ததும் பலமுறை எழுதப்பட்ட கதை. பியர்சன் கரும்புத் தோட்டங்களுக்குப் போய் ஒப்பந்தக் கூலிகளின் நிலைமையை விசாரித்தார். திரும்பி வந்ததும் இருவரும் தாகூரின் பள்ளியிலேயே தங்கிவிட்டார்கள். ஆக, தென்னாப்பிரிக்காவைக் கண்ணால் கண்ட இரண்டு பேர் சாந்திநிகேதனில் ஏற்கெனவே இருந்தார்கள். பிள்ளைகளுக்கு அந்த இடம் கிடைத்தது அதனால்தான்.

தாகூர் காந்திக்கு எழுதிய முதல் கடிதமே இந்தப் பிள்ளைகளைப் பற்றியது. உங்கள் பிள்ளைகள் தங்க என் பள்ளி ஏற்ற இடம் என்று உங்களுக்குத் தோன்றியதில் மகிழ்ச்சி, அவர்கள் எங்கள் பிள்ளைகளாகவும் ஆவதற்கு அனுமதித்ததற்கு நன்றி என்ற பொருளில் எழுதினார். இரண்டு பேரும் அதுவரை நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

பிள்ளைகளின் கண்ணுக்குச் சாந்திநிகேதன் எப்படித் தெரிந்திருக்கும்? அந்தக் காலத்துப் பள்ளி நாள் எப்படி நடந்தது என்பதைப் பியர்சன் ஒரு சிறு புத்தகமாக எழுதி வைத்திருக்கிறார். விடியுமுன் நாலரை மணி வாக்கில் பாட்டுக் குழு ஒன்று விடுதிகளைச் சுற்றிப் பாடிக்கொண்டு வரும், அதுதான் துயிலெழுப்பு. கிணற்றடியில் குளியல். பிறகு ஆளுக்கொரு ஆசனத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தனித்தனியே மரத்தடியில் கால்மணி நேரம் பேசாமல் உட்கார வேண்டும். தியானம் செய்தானா, அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தானா என்று யாரும் கேட்பதில்லை. பிறகு சேர்ந்து நின்று உபநிடத வரிகள், பலகாரம், வகுப்பு. அதே ஆசனம்தான் வகுப்பிலும் இருக்கை. மழை பெய்தால் தவிர கூரை கிடையாது. உச்சி வெயிலில் சாப்பாடும் ஓய்வும், பிற்பகலில் மறுபடி வகுப்பு, சாயங்காலம் கால்பந்து, இரவில் கதை அல்லது நாடகம், ஒன்பது மணியைத் தாண்டி மறுபடி பாட்டுக் குழுவின் சுற்று.

அடி கிடையாது. ஒவ்வொரு விடுதிக்கும் பிள்ளைகளே தேர்ந்தெடுத்த தலைவன் உண்டு. தப்பு செய்தவனை விசாரிக்கப் பிள்ளைகளே நடத்திய நீதிமன்றம் உண்டு. ஆசிரியர்கள் அதில் தலையிடுவதில்லை. பெரிய பையன்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களில் இரவுப் பள்ளி நடத்தினார்கள். கையெழுத்துப் பத்திரிகைகள் படங்களோடு வந்தன. இத்தனை சுதந்திரத்துக்கும் நடுவே ஒன்று மட்டும் ஊர்வழக்கப்படியே இருந்தது. சமைக்கக் கூலிக்கு ஆள், பாத்திரம் துலக்க ஆள், கூட்டிப் பெருக்க ஆள், கழிவறைக்கு ஆள். நிலப்பிரபு வீட்டுப் பிள்ளையும் கல்கத்தா வக்கீல் வீட்டுப் பிள்ளையும் மரத்தடியில் சமமாக உட்கார்ந்தார்கள். எச்சில் தட்டை எடுத்தவன் கணக்கில் வரவில்லை.

ஃபீனிக்ஸ் பிள்ளைகளுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டது. மகன்லால் தன் விதிகளில் ஒன்றைக்கூடத் தளர்த்தவில்லை. அவர்களுடைய சமையல் அவர்களே. மிளகாய், மசாலா எதுவும் கிடையாது. அரிசி, பருப்பு, காய்கறி, கோதுமை மாவு எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே நீராவிப் பாத்திரத்தில் வெந்தன. கடுகெண்ணெயும் மீனும் மணக்கும் வங்காளத்தில் இந்தச் சாப்பாட்டைப் பார்த்து உள்ளூர்ப் பையன்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை. ஆச்சரியம் என்னவென்றால், கேலியோடு நிற்காமல் சில மாணவர்களும் ஓரிரு ஆசிரியர்களும் அதே மாதிரி ஒரு சமையற்கட்டைத் தாங்களும் நடத்திப் பார்த்தார்கள்.

அப்போது அங்கே மராட்டியர் ஒருவர் சமஸ்கிருதம் கற்பித்துக்கொண்டிருந்தார். பல ஊர்களின் கல்வி நிலையங்களைப் பார்த்துவரப் புறப்பட்டவர், பெயர் தத்தாத்ரேய காலேல்கர். காகா காலேல்கர் என்று பின்னாளில் நாடறிந்தவர். ஃபீனிக்ஸ்காரர்களின் பிரார்த்தனைக்குப் போக ஆரம்பித்தார். அவர்களோடு சாப்பிட ஆரம்பித்தார். காலையில் அவர்கள் மண் வெட்டப் போனால் கூடவே போக ஆரம்பித்தார். காந்தியைக் கண்ணால் பார்க்கும் முன்பே அவர் காந்தியின் ஆள் ஆகிவிட்டார். அதைச் செய்தது அந்தப் பிள்ளைகளின் தினசரி.

தாகூருக்கு மட்டும் ஒரு நெருடல் இருந்தது. ஃபீனிக்ஸ் பிள்ளைகள் அருமையான பிள்ளைகள், ஆனால் கீழ்ப்படியப் பழக்கப்பட்டவர்கள், எதையும் ஆசைப்படவே மறந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது என்ற பொருளில் ஆண்ட்ரூஸுக்குக் கடிதம் எழுதினார். ஒழுங்கு இருக்கிறது, அந்த இடத்தில் இலட்சியம் இருந்திருக்க வேண்டும் என்பது அவர் குறை. இதைப் பொறாமை என்றோ கவிஞரின் சோம்பல் என்றோ தள்ளிவிட முடியாது. சிறு வயதில் பள்ளிக்கூடங்களை வெறுத்து ஓடியவர், பிள்ளைகளை ஏவாமல் வளர்க்கவே ஒரு பள்ளி தொடங்கியவர். அவர் முற்றத்திலேயே இருபது பிள்ளைகள் மணி அடித்ததும் எழுந்து, மணி அடித்ததும் வேலைக்குப் போய், சொன்னதைச் சாப்பிட்டால் அவருக்கு உறுத்தத்தானே செய்யும்? எனக்குத் தாகூரின் பயம் நியாயமானதாகவே படுகிறது. காந்தியின் பிள்ளைகள் சிலரின் பிற்கால வாழ்க்கையைப் படித்தவர்களுக்கும் அப்படித்தான் படும்.

காந்தி 1915 ஜனவரி 9ஆம் தேதி பம்பாயில் இறங்கினார். பிப்ரவரி 17ஆம் தேதி கஸ்தூர்பாவோடு சாந்திநிகேதன் வந்தார். தாகூர் ஊரில் இல்லை, கல்கத்தா போயிருந்தார். அங்கிருந்து ஆண்ட்ரூஸுக்கு எழுதிய கடிதத்தில் காந்தியை மகாத்மா என்றே குறிப்பிட்டார். வரவேற்பை ஆசிரியர்களும் மாணவர்களுமே நடத்தினார்கள்.

அந்த நாட்களில் நடந்த ஒன்றைக் காலேல்கர் பின்னாளில் எழுதியிருக்கிறார். வழக்கம்போல அவரும் ஃபீனிக்ஸ் பையன்களும் காலை வேலைக்குப் போய்விட்டு மண்ணும் வியர்வையுமாகத் திரும்பினார்கள். வந்து பார்த்தால் பலகாரம் தயாராக இருக்கிறது. பழங்கள் நறுக்கி, தட்டுகளில் பங்கு பிரித்து, ஆளுக்கு ஒன்றாக வரிசையாக வைத்திருக்கிறது. யார் செய்தது என்று கேட்டால், காந்தி. காலேல்கருக்கு வெட்கமாகிவிட்டது. நீங்கள் எங்களுக்குச் செய்வதா என்றார். ஏன் கூடாது, நீங்கள் வேலைக்குப் போயிருந்தீர்கள், நான் சும்மா இருந்தேன், செய்தேன், இதில் என்ன இருக்கிறது என்கிற மாதிரி காந்தி பதில் சொல்லிவிட்டார். பையன்களுக்கு இதில் வியப்பே இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். அவர்கள் வீட்டு வழக்கம் அது. வியந்தவர் வெளியிலிருந்து வந்த காலேல்கர்.

நான்காம் நாளே அந்த முதல் வருகை முடிந்துவிட்டது. பிப்ரவரி 19ஆம் தேதி புனேயில் கோகலே காலமானார். தந்தி வந்ததும் காந்தி, கஸ்தூர்பா, மகன்லால் மூவரும் கிளம்பினார்கள். பர்த்வான் வரை ஆண்ட்ரூஸ் வழியனுப்ப வந்தார்.  

மார்ச் 6ஆம் தேதி திரும்பி வந்தபோதுதான் தாகூரும் காந்தியும் முதன்முதலாகச் சந்தித்தார்கள். தாகூருக்கு 53 வயது, காந்திக்கு 45. இந்தச் சந்திப்பைப் பற்றிக் காகிதம் நிறைய எழுதியாயிற்று. ஆனால் சந்திப்புக்குப் பின் சில நாட்களுக்குள் நடந்ததுதான் நம் தொடருக்குரியது.

காந்தி நேரே ஆசிரியர்களிடம் போனார். கூலிக்குச் சமைப்பவர்களை நிறுத்திவிட்டு நீங்களும் பிள்ளைகளுமே சமைத்தால் என்ன? உணவு சுத்தமாக இருக்குமே, பிள்ளைகளுக்கு ஒரு தொழிலும் தெரியுமே என்றார். சிலர் தலையாட்டினார்கள், சிலர் முடியாது என்று தலையை அசைத்தார்கள். பிள்ளைகளுக்கோ ஒரே குஷி. புதிதாக எது வந்தாலும் பிள்ளைகள் குதிப்பார்கள் என்பது காந்திக்கும் தெரியும். அப்படியே எழுதியும் வைத்திருக்கிறார். தாகூரிடம் கேட்டபோது, ஆசிரியர்கள் சம்மதித்தால் தனக்குத் தடை இல்லை என்றார். பிள்ளைகளிடமோ அதைவிட உற்சாகமாகப் பேசினார்: சுயராஜ்யத்தின் திறவுகோலே இந்தச் சோதனையில் இருக்கிறது என்று அவர் சொன்னதாகக் காந்தி எழுதுகிறார்.

மார்ச் 10ஆம் தேதி அடுப்பு கைமாறியது.

125 பிள்ளைகள், மேலே ஆசிரியர்கள். வீட்டில் நாலு பேருக்குச் சமைப்பதே தெரியாதவர்கள் அண்டா வைத்துச் சமைக்க வேண்டும். குழுக்கள் பிரிந்தன. காய் நறுக்க ஒன்று, தானியத்தில் கல் பொறுக்க ஒன்று, தண்ணீர் சுமக்க, பரிமாற, துலக்க. நாகேன் பாபு என்று அழைக்கப்பட்ட ஆசிரியரும் சிலரும் சமையற்கட்டையும் சுற்றுப்புறத்தையும் சுத்தம் செய்யும் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். கையில் மண்வெட்டியோடு அவர்களைப் பார்க்கவே ஆனந்தமாக இருந்தது என்பது காந்தியின் குறிப்பு. பியர்சன்தான் உயிராக நின்றவர். கேம்பிரிட்ஜிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்துவிட்டு வந்த மனிதர் பெரிய பெரிய அண்டாக்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். சிரித்த முகம் மாறவே இல்லையாம். பாத்திரம் துலக்கும் குழுவுக்குச் சலிப்புத் தட்டாதிருக்கச் சில மாணவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சிதார் வாசித்தார்கள். உலகத்தில் வேறெந்தப் பள்ளியிலும் கரி பிடித்த அண்டாவுக்குப் பக்கவாத்தியம் வைத்திருக்க மாட்டார்கள். அது தாகூர் பள்ளிக்கே உரிய தீர்வு.

சமையல்காரரை நிறுத்துவது என்பது கரண்டி மாறுகிற சங்கதி மட்டும் இல்லை. யார் சமைத்ததை யார் சாப்பிடுவது என்ற கேள்வி உடனே வந்து நிற்கும். 1901இல் தொடங்கும்போது இந்தப் பள்ளியின் பெயர் பிரம்மசரிய ஆசிரமம். பழைய குருகுல வார்ப்பு, அதற்குரிய சாதி ஆசாரங்களோடு. பிராமணரல்லாத ஆசிரியரின் காலைத் தொட்டுப் பிராமணப் பிள்ளை வணங்கலாமா என்ற கேள்வி 1902இலேயே எழுந்தது. கைகூப்பினால் போதும் என்று தாகூர் அப்போது சமாதானம் சொன்னார். பின்னால் சாதி ஆசாரத்தையே கேள்வி கேட்ட 'கோரா' நாவலை எழுதியவரும் அவர்தான் என்பதை நினைத்துக்கொண்டால், இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் நடந்த தூரம் தெரியும். ஆனால் எழுதுகிறவர் மாறிய வேகத்தில் பந்தி மாறுவதில்லை. சாப்பாட்டில் சாதி பார்ப்பது தொடக்க ஆண்டுகளில் இந்த ஆசிரமத்திலும் இருந்தது. அந்த இடத்துக்குத்தான் குஜராத்தியும் தமிழனும் ஒரே பானையில் வெந்ததை ஒரே வரிசையில் உட்கார்ந்து தின்ற இருபது பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. தினம் இரண்டு வேளை சாப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

நமக்கு இங்கே சேரன்மாதேவி நினைவுக்கு வராமல் போகாது. வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே சாப்பாடு போட்டது 1924–25இல் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உலுக்கியது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய கேள்வி பந்தியிலிருந்துதான் கிளம்பியது. விடுதிப் பள்ளி ஒன்றின் கொள்கையைத் தெரிந்துகொள்ள அதன் பாடத்திட்டத்தைப் பார்ப்பதைவிடச் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்ப்பது மேல் என்பது வங்காளத்துக்கும் பொருந்தும், திருநெல்வேலிச் சீமைக்கும் பொருந்தும்.

இனி, வழக்கமாகச் சொல்லப்படும் கதையில் நான் உடன்படாத இடம். காந்தி வந்தார், சாந்திநிகேதனை மாற்றினார் என்று எழுதுவார்கள். தேதிகளைப் பாருங்கள். முதல் தடவை பிப்ரவரி 17 முதல் 20 வரை. இரண்டாம் தடவை மார்ச் 6 முதல் 11 வரை. சோதனை ஆரம்பித்த மறுநாள் அவர் ரங்கூனுக்குப் புறப்பட்டுவிட்டார்! ஆரம்பித்து வைத்தவர் ஊரில் இல்லாத நிலையில் அதை நடத்தியவர்கள் பியர்சனும் ஆசிரியர்களும் பிள்ளைகளும். எப்படி நடத்துவது என்று தெரிந்தவர்கள் அந்த வளாகத்தில் ஃபீனிக்ஸ்காரர்கள் மட்டுமே. நவம்பரிலிருந்து அவர்கள் பக்கத்து வீட்டில் அதைச் செய்துகொண்டிருந்ததை 125 பிள்ளைகளும் தினம் பார்த்திருந்தார்கள். சாத்தியம்தான் என்று கண்ணால் கண்ட பிறகுதான் காந்தியின் பேச்சு எடுபட்டது. பெரிய மனிதர் ஒருவர் வந்து பேசிவிட்டுப் போவதால் இரண்டு பள்ளிகளுக்கு இடையே உறவு வந்துவிடாது. ஐந்து மாதம் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்ததால் வந்த உறவு இது.

சோதனை நீடித்ததா? இல்லை. தினமும் விவாதம் நடந்தது. சிலர் சீக்கிரமே களைத்துப்போனார்கள். கொஞ்ச காலத்தில் சமையல்காரர்கள் திரும்பி வந்தார்கள். இதைத் தோல்வி என்று சொல்லத் தாகூரின் அன்பர்கள் தயங்குவார்கள். காந்தியின் அன்பர்கள் ஆசிரியர்களைக் குறை சொல்வார்கள். காந்தி இருவரையும்விட நிதானமாக இருந்தார். அந்தச் சிறிது காலச் சோதனையால் பள்ளிக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, ஆசிரியர்களுக்குச் சில அனுபவங்கள் உதவியாகவே இருந்திருக்கும் என்ற அளவில் முடித்துக்கொண்டார். 125 வளரும் பிள்ளைகளுக்கு இரண்டு வேளைச் சோறு என்பது கூட்டிப் பார்த்தால் பாதி நாள் வேலை. ஃபீனிக்ஸில் அந்த வேலையே பள்ளிக்கூடம். இங்கே பாட்டும் படமும் நாடகமும் பள்ளிக்கூடம். ஒன்றுக்கு நேரம் கொடுத்தால் மற்றது சுருங்கும். தாகூர் எதைச் சுருக்கச் சம்மதிக்க மாட்டார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது.

1915 ஏப்ரல் தொடக்கத்தில் ஃபீனிக்ஸ் பிள்ளைகள் விடைபெற்றார்கள். நேரே ஹரித்துவார் கும்பமேளா. லட்சக்கணக்கான யாத்திரிகர்கள் கூடும் இடத்தில் கழிப்பிடமாக வெட்டிய குழிகளில் மலத்தின்மேல் மண் போட்டு மூடும் வேலையை அவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மே 25ஆம் தேதி அகமதாபாத்தை ஒட்டிய கோச்ரபில் சத்தியாகிரக ஆசிரமம் தொடங்கியது. அங்கே அப்போது இருந்தவர்கள் சுமார் 25 பேர். அவர்களில் 13 பேர் தமிழர்கள், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஐந்து இளைஞர்களையும் சேர்த்து. பின்னாளில் சபர்மதிக்கு இடம் மாறிய இந்த ஆசிரமத்தின் கதையைச் சொல்லும்போது நம் ஊரிலேயே இந்தக் கணக்கைப் பலர் சொல்வதில்லை. காலேல்கரும் பின்னால் அங்கே போய்ச் சேர்ந்தார். ஃபீனிக்ஸ் கூட்டத்தில் 14 வயதுப் பையனாகச் சாந்திநிகேதனில் இருந்த தேவதாஸ் காந்தி 1918இல் சென்னைக்கு இந்தி கற்பிக்க வந்தார். 1933இல் ராஜாஜியின் மருமகனானார்.

பியர்சன் சாந்திநிகேதனிலேயே தன் வாழ்நாளைக் கழிக்க விரும்பினார். பக்கத்து சந்தால் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1923இல் இத்தாலியில் ஓடும் ரயிலிலிருந்து விழுந்து இறந்துபோனார். அவர் பெயரில் பியர்சன்பள்ளி இன்றும் அங்கே இருக்கிறது. 'பள்ளி' என்றால் வங்காளத்தில் குடியிருப்பு.

மார்ச் 10ஆம் தேதியைச் சாந்திநிகேதன் விட்டுவிடவில்லை. காந்தி புண்ணியாஹம் என்ற பெயரில் ஆண்டுதோறும் அந்த நாள் வருகிறது. அன்று சமையல்காரர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் விடுமுறை. மாணவர்களும் ஆசிரியர்களும் அவர்கள் வேலையைச் செய்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு நாள் என்பது காந்தி கேட்டதில் மிகச் சிறிய பங்கு. ஆனாலும் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாகச் சுருங்கிப்போகாமல், விளக்குமாறு பிடிக்கிற வேலையாகவே அது மிச்சமிருப்பதற்கு நான் மதிப்பெண் போடுவேன்.

அடுத்த பகுதியில் 1921க்குப் போகிறோம். பள்ளி விஸ்வபாரதி ஆகிறது; பாரீஸிலிருந்து சில்வான் லெவி வந்து இறங்குகிறார்.

(தொடரும்)